சின்ன சப்ளையர்களையும் மருத்துவமனைக்குள் கொண்டுவருவது எப்படி? பர்ச்சேஸ் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனை பர்ச்சேஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே உங்கள் கைக்கு வெண்டர் பட்டியல் வந்திருக்கும். அதை ஒருமுறை உட்கார்ந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். படுக்கை விரிப்பு முதல் ஃபினாயில் வரைக்கும் பல வருஷமாக அதே சில பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை, பலர் நன்றாகத்தான் சப்ளை செய்வார்கள். ஆனால் நாலு தெரு தள்ளித் தையல் யூனிட் நடத்தும் பெண், சிட்கோ எஸ்டேட்டில் கட்டிலும் ஐ.வி. ஸ்டாண்டும் செய்யும் பட்டியலினத் தொழில்முனைவோர், சோப்பு ஆயில் தயாரிக்கும் மகளிர் குழு, மாற்றுத்திறனாளிகள் நடத்தும் அச்சகம், இவர்கள் யாருமே அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். சரக்கு மோசம் என்பதால்தான் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். என் அனுபவத்தில் அவர்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்துவது இரண்டு விஷயங்கள்: நாம் கேட்கும் காகிதங்கள், நாம் பணம் கொடுக்கும் வேகம். இரண்டுமே நம் கையில் இருப்பவை. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த இரண்டைப் பற்றியும்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில், உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மத்திய அரசின் அமைச்சகம் நடத்தும் மருத்துவமனை என்றால், உதாரணத்துக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை மாதிரி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை 2012 உங்களைக் கட்டுப்படுத்தும். ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து, 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கிடையாது. எல்1 விலையைவிட, அதாவது டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலையைவிட, 15 சதவீதம் வரை அதிகம் கேட்ட சிறு நிறுவனம்கூட, எல்1 விலைக்கே இறங்கி வரத் தயார் என்றால் ஆர்டரில் ஒரு பங்கைப் பெறலாம்.

மாநில அரசு மருத்துவமனை என்றால் மருந்து, மாத்திரைகளில் பெரும்பகுதியை 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கிக் கொடுக்கும். உங்கள் மட்டத்தில் வாங்குவதற்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. அவற்றை மீறி யாருக்கும் நல்லது செய்யப் போக வேண்டாம், தணிக்கையில் அந்த சப்ளையரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு இந்த ஒதுக்கீடு எதுவும் கட்டாயமில்லை. அதனால்தான் அங்கே வேலை செய்பவர்களுக்காக இதை முக்கியமாக எழுதுகிறேன். யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் பர்ச்சேஸ் ஆபீசர் மனது வைத்தால்தான் ஏதாவது நடக்கும். ஆனால் ஒன்று: பணம் கொடுக்கும் கெடு பற்றிய சட்டம் எல்லோருக்கும் பொருந்தும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

எதை யாரிடமும் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேரிலிருந்து கடந்த ஒரு வருஷக் கொள்முதலை எக்ஸெலில் எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்.

மருந்து, தடுப்பூசி, இம்ப்ளான்ட், ஸ்டெரைல் பொருட்கள் ஒரு பக்கம். இவற்றில் உரிமம், குளிர்சங்கிலி, தொகுதி எண்வாரியான கணக்கு எல்லாம் உண்டு. புது ஆளுக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும் இடம் இது இல்லை. உரிமமும் ஆதாரங்களும் இருக்கிற சிறு தயாரிப்பாளர் வந்தால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் எந்தச் சலுகையும் இங்கே வேண்டாம். நோயாளியின் உடம்புக்குள் போகிற பொருளில் நம் நல்லெண்ணத்துக்கு இடமில்லை.

அடுத்தது நடுவில் இருப்பவை: பேண்டேஜ் துணி, காஸ், பஞ்சு, சானிட்டரி நாப்கின், உணவு, கிருமிநாசினி. இவற்றுக்கு எழுதப்பட்ட தர அளவுகள் இருக்கின்றன, ஆனால் சிறியவர்களால் அதை எட்ட முடியும். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்வதையே ஊர்த் தொழிலாகச் செய்கிறார்கள். உங்கள் மருத்துவமனைக்கு மூன்று கை மாறி வருகிற காஸ் துணியேகூட அங்கே விசைத்தறியில் ஓடியதாக இருக்கலாம். நேரடியாகப் பேசிப் பாருங்கள். மருத்துவ உபகரண விதிகள் 2017-இன்படி அந்தப் பொருளுக்கு என்ன பதிவு அல்லது உரிமம் வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஆய்வக அறிக்கையும் வாங்குங்கள். நாப்கினுக்கு ஐ.எஸ். 5405 என்ற தரநிலை இருக்கிறது. கோவை முருகானந்தம் உருவாக்கிய குறைந்த விலை இயந்திரத்தை வைத்து நாப்கின் தயாரிக்கும் மகளிர் குழுக்கள் உண்டு, பிரசவ வார்டுக்கு அவர்களிடம் சாம்பிள் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது பகுதிதான் நீங்கள் தொடங்க வேண்டிய இடம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, பேஷண்ட் கவுன், ஊழியர் சீருடை, கேஸ் ஷீட் அச்சடிப்பு, ஃபைல், துடைப்பம், சோப்பு ஆயில், ஐ.வி. ஸ்டாண்ட், கட்டில் பெயிண்ட், பிளம்பிங், தோட்டம், வண்டி வாடகை. கேன்டீன் பலகாரமும் இதில் வரும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவோ, தொழிலின் அளவுக்குத் தகுந்த உரிமமோ இருந்தால் போதும்.

ஆட்களை எங்கே தேடுவது

உட்கார்ந்த இடத்தில் கொட்டேஷன் வரும் என்று காத்திருந்தால் பழைய பெயர்கள்தான் வரும். மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போங்கள். மாவட்டத்தில் யார் என்ன தயாரிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மகளிர் குழுக்களுக்கு மகளிர் திட்ட அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. பட்டியலினத் தொழில்முனைவோருக்கு, தேசிய சிறுதொழில் கழகம் (என்.எஸ்.ஐ.சி.) நடத்தும் தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஹப், தலித் இந்தியத் தொழில் வர்த்தக சபை ஆகிய இரண்டிடமும் கேளுங்கள். கோவைப் பக்கம் என்றால் அங்குள்ள சிறுதொழில் சங்கமான கொடிசியா உதவும். அரசு மருத்துவமனைக்காரர்கள் மத்திய அரசின் ஜெம் இணையக் கொள்முதல் தளத்திலேயே பெண்கள், பட்டியலினத்தார் நடத்தும் நிறுவனங்களைத் தேடி எடுக்கலாம்.

பெயர் கிடைத்ததும் போன் பண்ணிவிட்டு, நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை மிஷின், எத்தனை பேர், மழைக்காலத்தில் சரக்கை எங்கே வைப்பார்கள், கரண்ட் போனால் என்ன செய்வார்கள், இதெல்லாம் கொட்டேஷனில் தெரியாது. அப்புறம் இன்னொன்று: அவர்கள் மருத்துவமனைக்கு வந்தால் பர்ச்சேஸ் அறைக்கு வெளியே மணிக்கணக்கில் உட்கார வைக்காதீர்கள். பெரிய கம்பெனி சேல்ஸ்மேனுக்குக் காத்திருப்பதும் சம்பளத்தோடு சேர்ந்த வேலை. தையல் யூனிட் நடத்தும் அம்மாவுக்கு அது அரை நாள் உற்பத்தி.

பதிவுப் படிவத்தில் கத்தி வையுங்கள்

உங்கள் மருத்துவமனையின் வெண்டர் பதிவுப் படிவத்தை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ‘இது எதற்கு?’ என்று கேளுங்கள். மூன்று வருஷத் தணிக்கை செய்த கணக்கு, ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி, ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், வேறு இரண்டு பெரிய மருத்துவமனைகளில் சப்ளை செய்த அனுபவம். எம்.ஆர்.ஐ. மிஷின் வாங்குவதற்கு யாரோ தயாரித்த நிபந்தனைகள் அப்படியே தலையணை உறைக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மருத்துவமனை அனுபவம் இருந்தால்தான் மருத்துவமனைக்கு சப்ளை செய்யலாம் என்றால் புதிதாக ஒருவர் எப்போதுதான் நுழைவார்?

பொருளின் ஆபத்துக்கும் ஆர்டரின் அளவுக்கும் தகுந்த மாதிரி நிபந்தனை வையுங்கள். விற்றுமுதல் கேட்டே ஆக வேண்டும் என்றால், நீங்கள் கொடுக்கப்போகும் ஆர்டர் மதிப்புக்கு ஒப்பாகக் கேளுங்கள். அனுபவச் சான்றுக்குப் பதிலாகச் சின்ன சோதனை ஆர்டர் வையுங்கள். படிவத்தைத் தமிழில் கொடுங்கள். நான் பார்த்ததில், ஆங்கிலத்தில் பதினாறு பக்கம் கொடுத்தால் அதை நிரப்பித் தருவதற்கே ஒரு புரோக்கர் முளைத்துவிடுகிறார், கமிஷனும் அதோடு தொடங்கிவிடுகிறது.

ஜி.எஸ்.டி. பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரிடம் வாங்க மாட்டோம், உள்ளீட்டு வரிக் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) போய்விடும்’ என்று அக்கவுண்ட்ஸில் சொல்வார்கள். தொழிற்சாலைக்கு அது சரி. மருத்துவ சேவைக்குப் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், உள்நோயாளி சிகிச்சைக்காக வாங்கும் விரிப்புக்கும் துடைப்பத்துக்கும் மருத்துவமனைக்கு அந்தக் கிரெடிட் எப்படியும் கிடைக்காது. வெளியே விற்கும் ஃபார்மசி கணக்கு வேறு. தமிழ்நாட்டில் மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்குப் பொதுவாக 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவு கட்டாயமில்லை. ஆகவே சட்டம் கேட்காத எண்ணை நாம் கேட்டு ஒரு மகளிர் குழுவைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இதை ஆடிட்டரிடம் ஒருமுறை பேசி எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் வாதாட வேண்டாம்.

சான்றிதழைச் சரிபார்ப்பது

அடிப்படைக் காகிதம், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ். 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது, பதிவு இலவசம். காசு கேட்பவர் இடைத்தரகர், சப்ளையரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். சான்றிதழில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, குறுவா சிறுவா, உற்பத்தியா சேவையா வர்த்தகமா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் குறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு 10 கோடி, சிறு நிறுவனத்துக்கு 100 கோடி. அதாவது ‘சிறு’ என்ற முத்திரையோடு வருபவர் உங்கள் பகுதிக்குப் பெரிய ஆளாகக்கூட இருக்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் எண் கிடைக்கும், ஆனால் கொள்முதல் கொள்கை, பணம் தாமதமானால் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு ஆகிய சலுகைகள் அவர்களுக்குச் சேராது.

பெண்கள் அல்லது பட்டியலினத்தார் நடத்தும் நிறுவனம் என்றால் தனி உரிமையாளராக இருக்க வேண்டும், கூட்டு நிறுவனமாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ இருந்தால் குறைந்தது 51 சதவீதப் பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும். பெயருக்கு மனைவியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் பழைய கான்ட்ராக்டரே ஓட்டுகிற கதையும் உண்டு. நேரில் போகும்போது விலையைப் பற்றி அவரிடமே பேசுங்கள், காசோலையில் யார் கையெழுத்து என்று பாருங்கள். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சாம்பிளை நம் லாண்டரியிலேயே போடுங்கள்

நான் மிகவும் நம்புகிற படி இது. விரிப்புத் துணி சாம்பிள் வந்ததும் அதன் நடுவில் அழியாத மையால் 50 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள், நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று. வார்டு துணியோடு சேர்த்து, அதே சுடுதண்ணீர், அதே பிளீச்சில் பத்துத் தடவை துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். 50 சென்டிமீட்டர் 47 ஆகியிருந்தால் ஆறு சதவீதம் சுருங்கியிருக்கிறது. அப்படியானால் 250 சென்டிமீட்டர் நீள விரிப்பு 235-க்கு வந்துவிடும், மெத்தைக்கு அடியில் செருக நுனி பத்தாது, நோயாளி புரண்டால் சுருண்டுகொள்ளும், படுக்கைப்புண் வரக்கூடிய ஆளுக்கு அந்தச் சுருக்கமே ஆபத்து. பேஷண்ட் கவுனில் முதலில் பிய்வது கட்டும் நாடா. அதன் அடித்தையலைக் கையால் இழுத்துப் பாருங்கள். உறிஞ்சும் பஞ்சு என்றால் கம்பிக்கூண்டில் 5 கிராம் அடைத்துத் தண்ணீரில் விட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். ஆய்வக அறிக்கை கட்டாயம் வேண்டும், ஆனால் இதை நீங்களே கண்ணால் பார்ப்பதும் நல்லது.

சாம்பிளின் மேல் கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது. அ, ஆ, இ என்று குறியீடு போட்டு வார்டு சிஸ்டர்களிடம் கொடுங்கள். பழைய சப்ளையரின் சரக்கையும் அதே வரிசையில் வையுங்கள். எந்தப் பெயரும் தெரியாமல் சிஸ்டர்கள் தேர்ந்தெடுத்த துணியை அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பெயரை மறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெயரையும் முகவரியையும் வைத்துச் சாதியைக் கணக்குப் போடுகிற பழக்கம் ஆபீசுக்குள்ளும் இருக்கிறது. சத்துணவுக் கூடங்களில் சமைப்பவரின் சாதியைச் சொல்லி எதிர்ப்புக் கிளம்பிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மருத்துவமனை உணவு ஒப்பந்தத்திலும் அந்த முணுமுணுப்பு வரலாம். வந்தால் இடம் கொடுக்காதீர்கள். சாதிச் சான்றிதழைக் கேட்க வேண்டிய இடத்தில், அது விருப்பத்தின் பேரில் தருவது என்று படிவத்திலேயே எழுதுங்கள், கோப்பைப் பூட்டி வையுங்கள், வார்டிலும் கேன்டீனிலும் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்று உங்கள் உதவியாளர்களிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

ஆர்டரைத் தூக்கக்கூடிய அளவில் பிரியுங்கள்

வருஷத்துக்கு நாலாயிரம் விரிப்பு ஒரே தவணையில் வேண்டும் என்றால் சின்ன யூனிட் ஓடிவிடும். அதையே ஒரே டெண்டரில் நாலு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும்கூட விலை கொடுக்கலாம் என்று போட்டால் வருவார்கள். அரசு மருத்துவமனைக்காரர்கள் கவனிக்க வேண்டியது: மேலதிகாரி ஒப்புதலையோ டெண்டரையோ தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு போடக் கூடாது, மத்திய அரசு மருத்துவமனைகளுக்குப் பொது நிதி விதிகள் 2017 இதைச் சொல்கிறது. ஒரே அறிவிப்பில், மொத்த மதிப்புக்கும் ஒப்புதல் வாங்கி, வெளிப்படையாகப் பகுதிகள் வைப்பது வேறு விஷயம். கோப்பில் அந்தக் காரணத்தை எழுதி வையுங்கள்.

பணம்

மேலே சொன்ன அத்தனையும் செய்துவிட்டு பில்லை நாலு மாதம் இழுத்தடித்தால், நீங்கள் செய்தது உதவி இல்லை, ஒரு சின்னத் தொழிலை மூடவைக்கும் வேலை. பெரிய சப்ளையர் வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்துச் சமாளிப்பார், அந்த வட்டியை அடுத்த கொட்டேஷனில் நம் தலையிலேயே போடுவார். சின்னவர் மீட்டர் வட்டிக்கு வாங்குவார், இல்லாவிட்டால் நகையை வைப்பார்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006 இதில் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள், இருந்தால் ஒப்பந்தக் கெடு, ஆனால் எப்படியும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ‘எங்கள் மருத்துவமனையில் 90 நாள் கிரெடிட்’ என்று ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் அது செல்லாது. நாள் எண்ணத் தொடங்குவது சரக்கு வந்து ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து; பில் அக்கவுண்ட்ஸ் மேஜைக்குப் போன தேதி கணக்கில்லை. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் அசலோடு சேரும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் வட்டி 18 சதவீதம். சப்ளையர், பணத் தாமதப் புகார்களை இந்தச் சட்டப்படி விசாரிக்கும் வசதி மன்றத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கிறது. நடைமுறையில் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் சின்னவர்கள் போவது அபூர்வம். அந்தப் பயத்தை நாம் நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேனேஜ்மென்டிடம் பேசும்போது வருமான வரி விஷயத்தையும் எடுத்துப் போடுங்கள். 2023 நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகக் கொண்டுவந்த விதியின்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். அறக்கட்டளை மருத்துவமனைக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சரி, பில் எங்கே மாட்டுகிறது? பெரும்பாலும் அக்கவுண்ட்ஸில் இல்லை. கேட்டில் பதிவாகி, ஸ்டோர்ஸில் இறக்கி, வார்டு அல்லது சி.எஸ்.எஸ்.டி. (கருவிகளையும் துணிகளையும் கிருமிநீக்கம் செய்யும் பிரிவு) இன்சார்ஜ் ‘சரக்கு சரி’ என்று கையெழுத்துப் போடும் இடத்தில் நிற்கும். அவர் லீவில் இருப்பார், அல்லது அந்தக் காகிதம் எதற்கு என்றே அவருக்குத் தெரியாது. இரண்டாவது கையெழுத்துக்கு ஒரு மாற்று ஆளை நியமியுங்கள், மூன்று வேலை நாளில் சோதனை முடிய வேண்டும் என்று எழுதுங்கள். சிறு நிறுவன பில்களுக்குத் தனி நிறக் கவர் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தக் கவர்களை மட்டும் எண்ணி, முப்பது நாள் தாண்டியதை மேலே கொண்டுபோங்கள். துணி வாங்கவே பணம் இல்லாத யூனிட் என்றால், முன்பணமாக ஒரு பகுதியைத் துணிக்கடைக்கே நேரடியாகச் செலுத்தும் ஏற்பாடும் செய்யலாம். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனி நடத்தும் மருத்துவமனைகள் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதில் சப்ளையர் பில்லை வைத்து முன்கூட்டியே பணம் எடுத்துக்கொள்வார், நாம் கெடு தேதியில் வங்கிக்குக் கட்டினால் போதும்.

சரக்கு தவறினால்

ஒருமுறை தாமதமானால் உடனே பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், பெரிய கம்பெனிக்கு எத்தனை முறை பொறுத்தோம் என்று பார்த்துவிட்டு அதே அளவுகோலை வையுங்கள். அதற்காகத் தரம் குறைந்த சரக்கை ஏற்கவும் வேண்டாம். திருப்பி அனுப்பும்போது எந்த அளவு, எந்தத் தையல், எந்தச் சோதனையில் தவறியது என்று குறித்து, முடிந்தால் அந்த விரிப்பையே கையில் கொடுத்துக் காட்டுங்கள். கையிருப்பு மட்டும் எப்போதும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு தாமதத்துக்கே வார்டிலிருந்து போன் வந்து பழைய ஆளிடம் அவசர ஆர்டர் போட வேண்டிவரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: புதிதாக எத்தனை சிறு சப்ளையர்கள் வந்தார்கள், மொத்தக் கொள்முதலில் அவர்கள் பங்கு எவ்வளவு, அவர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் போனது. கடைசி எண்தான் முக்கியம். அது 45-ஐத் தாண்டினால் முதல் இரண்டு எண்களை மேனேஜ்மென்டிடம் பெருமையாகக் காட்டாதீர்கள்.

தேர்வாகாதவர்களுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். எந்த இடத்தில் குறைந்தது என்று இரண்டு வரி, அடுத்த டெண்டர் எந்த மாதம் வரும் என்று ஒரு வரி, சந்தேகம் கேட்க யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு போன் எண்.